உயிர்க்க மறுத்த ஐந்து பேர்

2003ஆம் ஆண்டு ஆவணி மாதம் யாழ்ப்பாணத் தீவகத்தின் சுருவில் கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது கரையோர மக்கள் பங்கேற்பு நிலையம் என்ற நிறுவனம். கிராமத்துக்கு அடுத்த மூன்று வருடங்களில் என்ன அபிவிருத்தி வேண்டும் என்பதைக் கிராம மக்களே தெரிவு செய்ய வேண்டும் என்றும், அதற்காக ஐந்து பேர் மூன்று நாட்கள் பொதுமண்டபத்துக்கு வந்து விளையாட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

‘உரையாட’ என்பதைத்தான் பிழையாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று சங்கத் தலைவர் விளக்கினார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

யாகப்புவின் எஞ்சின் அப்போது யாழ்ப்பாணத்தில் திருத்தத்துக்குக் கிடந்தது. வேலையில்லாமல் இருந்த காரணத்தால் முதலில் அவருடைய பெயர் எழுதப்பட்டது. அவர் ஐம்பது வயதுக்காரர். சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவர். அடுத்ததாக மரியநாயகி. அவளுக்கு வள்ளம் இருந்தது. இரண்டு பேரை வைத்துத் தொழில் நடத்தினாள். மூன்றாவது, கருவாடு போடும் சூசையம்மா. வலை பின்னும் ஒரு தம்பதியும் சேர்ந்தார்கள். அவர்கள் இருவரும் எந்தக் கூட்டத்திலும் வாய் திறப்பதில்லை என்பதால் எல்லாருக்கும் அவர்களைப் பிடிக்கும்.

ஐந்து பேரும் போய்க் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வள்ளங்கள் கரைக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தது. போரில் ஊர் இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் யாரும் அதைத் தொடவில்லை. இப்போது கடல்நீர் இறங்கும் வற்று நேரத்தில் வள்ளங்களை அரைமைல் தூரத்தில் கட்டிவிட்டு, எஞ்சினைத் தோளில் சுமந்து இடுப்பளவு சேற்றில் நடந்து வரவேண்டும். அந்த வருட மாசியில்தான் மரியநாயகியின் ஆள் ஒருவர் எஞ்சினோடு விழுந்து முதுகு முறிந்து படுக்கையில் இருந்தார். வாய்க்காலை வெட்டித் தந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

மண்டபத்தில் ஒரு மேசை போட்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஆறு கதிரைகள் கொள்ளும் இடத்தை ஒரு மடிப்பு மட்டைத் தடுப்பு பிடித்திருந்தது. தடுப்புக்குப் பின்னால் சிவகரன் என்ற இளைஞன் இருந்தான். பக்கத்து ஊரான சரவணைப் பெடியன், பல்கலைக்கழகம் முடித்தவன். அவனுடைய பதவி ஆட்ட நடத்துநர் என்று சட்டையில் குத்தியிருந்தது.

“இது வெளிநாட்டில மேசையில இருந்து விளையாடுற விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம் தருவன். நீங்கள் அந்த ஆளாய் மாறி, என்ன செய்யிறியள் எண்டு சொல்லவேணும். நான் என்ன நடக்குது எண்டு சொல்லுவன். சந்தேகமான இடத்தில பகடை போடுவம்,” என்று சிவகரன் விளக்கினான். “நீங்கள் எதுவும் செய்யலாம். கட்டுப்பாடே இல்லை. அதுதான் இதின்ரை விசேஷம்.”

பகடைக்கு இருபது முகம் இருந்தது. யாகப்பு அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

பிறகு பாத்திரத் தாள்கள் வந்தன. யாகப்பு போர்வீரன். வலிமை பதினான்கு, அறிவு ஆறு.

“தம்பி, இந்த அறிவை ஆர் அளந்தது?”

“அது உங்களுக்கில்லை அண்ணை, பாத்திரத்துக்கு.”

“மேலை என்ரை பேரெல்லோ எழுதியிருக்கு.”

மரியநாயகி மந்திரவாதி. தம்பதியர் குள்ளர் தேசத்து வணிகர்கள். சூசையம்மாவுக்குத் திருடன் வந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை தான் ஒரு மீன்செதில்கூடக் களவெடுத்ததில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தக் கட்டளைக்குள் சேர்த்துச் சொல்வது என்றும் அவர் கேட்டார். விளையாட்டுக்குத்தானே என்று சிவகரன் சொன்னான். அப்படித்தான் எல்லாக் களவும் தொடங்குகிறது என்றார் சூசையம்மா.

“அதுசரி, நீர் ஏன் மறைப்புக்குப் பின்னாலை இருக்கிறீர்? சாமியாரும் இப்பிடித்தான் இருக்கிறவர். ஆனா அவர் பகடை போடுறேல்லை,” என்று அவர் தொடர்ந்தார்.

சிவகரன் புத்தகத்தை விரித்து வாசித்தான். ஒரு தீவில் வறுமை என்னும் பூதநாகம் வாழ்கிறது. மலையின் மேல் ஒரு குகை. குகைக்குள் வெண்குடைகள் என்னும் அதிசயப் பொருள் இருக்கிறது. அதை எடுத்து வந்தால் நாகம் மடியும்.

“இப்ப நீங்கள் நாற்சந்தியில நிக்கிறியள். என்ன செய்யிறியள்?”

யாகப்பு மேசையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தார். தீவைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்கு நீலம் பூசி, அதில் நிறுவனத்தின் சின்னத்தையும் உதவி வழங்கும் நாடுகளின் கொடிகளையும் அச்சடித்திருந்தார்கள்.

“நான் கடலுக்குப் போறன்.”

“கடலுக்குப் போக ஏலாது அண்ணை. அது வரைபடத்தின்ரை கரை.”

“எதுவும் செய்யலாம் எண்டு சொன்னீர்.”

சிவகரன் புத்தகத்தைப் புரட்டினான். பகடையைத் தரச் சொன்னான். யாகப்பு உருட்டினார். இருபது விழுந்தது. அதற்கு மேல் இலக்கம் இல்லை என்று மற்றவர்கள் சொல்ல அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அருமை அண்ணை. நீங்கள் கடலுக்குள்ள இறங்கீட்டியள். நல்லாத்தான் நீந்துறியள். அப்ப ஒரு புயல் வந்து உங்களைத் தூக்கி எறியுது. விழுந்து எழும்பிப் பாத்தால் மலையடிவாரம்.”

மரியநாயகி தான் மலைக்கு எதிர்ப்பக்கமாகப் போவதாகச் சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பாலம் இருந்தது. பாலத்தைக் கடந்தால் மலையடிவாரம் வந்தது. சூசையம்மா தான் எங்கும் போகாமல் வீட்டில் இருந்து செபமாலை சொல்வதாகச் சொன்னார். மண்சரிவு ஏற்பட்டு வீடு அப்படியே சறுக்கிக்கொண்டு போய்க் குகை வாசலில் நின்றது. ஒரு தென்னை உயரத்துக்குக்கூட மேடில்லாத தீவுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண்சரிவு என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே சிவகரனுக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அன்று பின்னேரத்துக்குள் அவர்கள் பன்னிரண்டு தரம் வெவ்வேறு வழிகளில் போய்ப் பன்னிரண்டு தரமும் குகைக்கே வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு தரமும் சிவகரன், “இது முழுக்க உங்கடை முடிவு,” என்று சொல்லித் தாளில் குறித்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும்போது யாகப்பு மரியநாயகியிடம், “எனக்கு உண்மையாயே அறிவு ஆறுதானோ தெரியேல்லை. எந்தப் பக்கம் போனாலும் பிழைக்குது,” என்றார்.

“உமக்கு ஒரு பிழையுமில்லை அண்ணை,” என்றாள் அவள்.

இரண்டாம் நாள் காலை, முதல் ஆளாக மரியநாயகி கேட்டாள். “தம்பி, அந்த வெண்குடை எண்டுறது என்ன?”

“அது கடைசியிலதான் சொல்லவேணும் அக்கா.”

“காளானோ?”

சிவகரன் தடுப்பை இழுத்து நேராக்கினான். அவன் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் காளான் வளர்ப்புக் கைநூல் என்று அச்சடித்திருந்தது. சுருவிலில் குடிக்கும் தண்ணீருக்கே பவுசர் வண்டி வரவேண்டும். காளானுக்கோ ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

“சரி. நான் இப்ப என்ன செய்யிறன் எண்டு கேளும்.”

“என்ன செய்யிறியள் அக்கா?”

“மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் வெட்டுறன்.”

“நீங்கள் மந்திரவாதி.”

“மந்திரவாதிக்குக் கை இல்லையோ?”

“கதையில வாய்க்கால் இல்லை அக்கா.”

“அதுதானே வெட்டுறன்.”

யாகப்புவுக்கு முதல்தரமாக அந்த விளையாட்டு பிடிபட்டது. தானும் வெட்டுவதாகச் சொன்னார். வலிமை பதினான்கு இருக்கிறவர் வெட்டாமல் வேறு யார் வெட்டுவது. சூசையம்மா, களவெடுக்க அனுமதி இருப்பதால் பக்கத்து ஊரில் கல் கிளப்ப இரண்டு அலவாங்கு களவெடுத்து வந்து தருவதாகவும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். தம்பதியர் தலையாட்டினார்கள்.

சிவகரன் நெற்றியைத் துடைத்தான். “நீங்கள் என்னவும் செய்யலாம். நான் மறிக்கேல்லை. ஆனா நடக்கிறது புத்தகத்தில இருக்கிறதுதான்.”

அவன் மழையை அனுப்பினான். வெட்டினார்கள். ஓநாய்களை அனுப்பினான். ஓநாய் என்றால் என்ன என்று யாகப்பு கேட்டார். பெரிய நாய் என்றான். நாய்க்குப் பயந்தவன் தொழிலுக்குப் போவானோ என்று அவர் பகடையை உருட்டினார், பதினெட்டு. ஓநாய்கள் ஓடின. ஓர் இளவரசி குகை வாசலில் நின்று அழுதாள். அவளையும் வந்து மண் அள்ளச் சொன்னார் சூசையம்மா. நிலநடுக்கம் வந்தது. அதில் வாய்க்கால் இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று மரியநாயகி சொன்னாள். அதற்கு எதிராகப் புத்தகத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

பதினொரு மணிக்குச் சிவகரன் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான். என்ன விழுந்தது என்று யாருக்கும் காட்டவில்லை. “யாகப்பு அண்ணை, மேலையிருந்து ஒரு பாறை விழுகுது. போர்வீரன் இறந்திட்டான்.”

யாகப்பு தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, செத்த ஆளுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டோ?”

“சாப்பாடு எல்லாருக்கும் உண்டு அண்ணை.”

“அப்ப பரவாயில்லை.”

மரியநாயகி கேட்டாள், “செத்த ஆள் நாளைக்குக் கையெழுத்து வைக்கலாமோ?”

நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாளுக்கு ‘மக்கள் தெரிவுப் பத்திரம்’ என்று ஒன்று இருந்தது. கிராமம் எதைத் தெரிவு செய்தது என்று அதில் எழுதி விளையாடியவர்கள் ஒப்பமிட வேண்டும். அதை வைத்துத்தான் மூன்று வருடத்துக்கும் வேலை நடக்கும். சிவகரன் புத்தகத்தில் தேடி, முப்பத்தோராம் பக்கத்தை வாசித்தான். “இறந்த பாத்திரத்தை ஆடியவர் பத்திரத்தில் ஒப்பமிட முடியாது.”

“நல்லது. அப்ப என்னையும் கொல்லும்.”

“அக்கா, அப்பிடிக் கேக்கக்கூடாது.”

“எதுவும் செய்யலாம் எண்டனீர். நான் சாகிறன். அந்தப் பாறைக்குக் கீழை போய் நிக்கிறன்.”

எல்லாரும் செத்தால் ஒப்பமிட ஆளிருக்காது என்பது சிவகரனுக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரை அவர்கள் எதிலும் வெல்லாமல் பார்த்துக்கொண்டவன், அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இறங்கினான். மரியநாயகியின் தலைக்கு வந்த பாறையைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. அவள் ஓநாய்களிடம் போனாள். ஓநாய்கள் அவளுடைய காலை நக்கின. கடைசியில் அவள் ஒரு கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்தாள். அதில் நஞ்சு கலந்திருக்கிறது என்றாள்.

“அது நல்ல தண்ணிக் கிணறு அக்கா.”

“நீர் சரவணை. மனமறியச் சொல்லும். தீவில நீர் கண்ட கிணத்தில எத்தினை நல்ல தண்ணி?”

சிவகரன் தலையைக் குனிந்தான். மந்திரவாதி இறந்தாள். தாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து விழுவதாகத் தம்பதியர் சொன்னார்கள். அன்றைக்கு முழுவதும் அவர்கள் பேசியது அந்த ஒரு வசனம்தான். சூசையம்மா மட்டும், தற்கொலை சாவான பாவம், விளையாட்டுக்கும் தன்னால் ஏலாது என்றார். ஆகையால் தனக்கு வயது போய்விட்டதாகவும், சாமியாரைக் கூப்பிட்டுக் கடைசி அவஸ்தைப் பூசுதல் பெற்று, நித்திரையில் அமைதியாகப் போய்விட்டதாகவும் அறிவித்தார். முதுமையைத் தடுக்கப் புத்தகத்தில் விதி இருக்கவில்லை.

மத்தியானம் ஐந்து பிரேதங்களும் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயின. சிவகரன் ஊர்காவற்றுறைக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தான்.

மூன்றாம் நாள் பணிப்பாளர் அரியநாயகம் நேரிலேயே வந்து இறங்கினார். பங்கேற்புத் துறையில் முப்பது வருட அனுபவம் உள்ளவர். அந்த முப்பது வருடத்தில் தான் பேசும்போது வேறு யாரையும் பேசவிட்டதில்லை. அவர் எழுந்து நின்று உரையாற்றினார்.

“அன்பார்ந்த மக்களே, மக்களின் தெரிவு மிகவும் பெறுமதியானது. அவ்வளவு பெறுமதியான ஒன்றை மக்களின் கையிலேயே விட்டுவைப்பது பொறுப்பற்ற செயல். ஆகவேதான் ஒன்றரை வருடத்துக்கு முன்னரே நாங்கள் அதை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அதை உங்களுடையது என்று அடையாளம் காட்டுவதுதான். காளான் என்று நாங்கள் சொன்னால் அது திணிப்பு. நீங்கள் சொன்னால் அது பங்கேற்பு. நீங்கள் சொல்லாவிட்டால் அது ஒத்துழையாமை. இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு, இரண்டாவதைத் தெரிவு செய்யும் பட்சத்தில்.”

மரியநாயகி எழும்பினாள். “ஐயா, எங்களுக்கு வாய்க்கால் வேணும்.”

“வாய்க்கால் கடலுக்குள் இருக்கிறது. கடல் எங்கள் திட்ட எல்லைக்குள் வராது.”

“நாங்கள் சீவிக்கிறதே கடலிலதான்.”

“அது ஒரு பிரச்சினைதான்,” என்று அரியநாயகம் அனுதாபத்தோடு ஒப்புக்கொண்டார். “அதனால்தான் உங்களைக் குகைக்குக் கொண்டுவர இவ்வளவு பாடுபடுகிறோம்.”

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். நிலையத்தின் நிருவாகசபை நேற்று மாலை அவசரமாகக் கூடி, சுருவில் பங்கேற்பாளர் ஐவரும் இன்று காலை ஒன்பது மணிமுதல் உயிர்ப்பிக்கப்படுவதாக ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

“ஐயா, ஆக்களை உயிர்ப்பிக்கிறதுக்கு ஒராள் இருக்கிறார்,” என்றார் சூசையம்மா. “அவர் உங்கடை கந்தோரில வேலை செய்யேல்லை.”

“நாங்கள் செத்தபடியே இருக்கிறம்,” என்றார் யாகப்பு. அவர் வாழ்நாளில் ஒரு பெரிய உத்தியோகத்தரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அரியநாயகம் ஐவரையும் மாறிமாறிப் பார்த்தார். பத்திரம் அன்றைக்கே கொழும்புக்குப் போகவேண்டும். அவர் ஐந்து புதிய பாத்திரத் தாள்களை எடுத்துச் சிவகரனுக்கு முன்னால் வைத்தார். “தம்பி, நீரே இந்த ஐந்து பேரும். சரவணையும் தீவகம்தானே. இந்தப் பக்கம் வந்து இரும்.”

சிவகரன் தடுப்பைச் சுற்றி வந்து யாகப்புவுக்குப் பக்கத்தில் அமர்ந்தான். அரியநாயகம் தடுப்புக்குப் பின்னால் போய்ப் புத்தகத்தை விரித்தார்.

“ஐந்து பேரும் குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே வெண்குடைகள் தெரிகின்றன. என்ன செய்கிறீர்கள்?”

சிவகரன் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஒன்றரை வருடமாக அவன் இதே கேள்வியைப் பத்தொன்பது ஊர்களில் கேட்டிருக்கிறான். அவனிடம் யாரும் கேட்டதில்லை.

“வேறை என்ன செய்யலாம் சேர்?”

“எதுவும் செய்யலாம். கட்டுப்பாடே இல்லை.”

“அப்ப நாங்கள் திரும்பி நடக்கிறம்.”

“அது புத்தகத்தில் இல்லை.”

“தெரியும் சேர். அதை வாசிக்கிறதே நான்தானே.”

“எங்கே நடக்கிறீர்கள்?” அரியநாயகத்தின் முகம் சிவந்திருந்தது.

“இவையள் வெட்டின வாய்க்கால் எதுவரைக்கும் வந்திருக்கெண்டு பாக்கப்போறம்.”

அவன் பகடையை உருட்டவில்லை. சட்டையிலிருந்த பெயரட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். அரியநாயகம் தடுப்பை மடித்து, புத்தகத்தையும் காளான் பெட்டிகளையும் வாகனத்தில் ஏற்றச் சொன்னார். சாரதியைத் தவிர ஏற்றுவதற்கு ஆள் இல்லாததால் பெட்டிகளைப் பணிப்பாளரும் சுமக்க வேண்டியிருந்தது.

அடுத்த வற்றுக்கு ஊர் இறங்கியது. அதற்கு அனுமதிப் பாஸ் எடுக்கக் கடற்படை முகாமுக்கு நாலு தரம் நடந்தார்கள். மேசையில் ஒரு காலையில் முடிந்த வேலைக்கு உண்மையில் ஐந்து கிழமை சென்றது. கடலடியிலிருந்த முருகைக்கல் அலவாங்கை வளைத்தது. வெட்டிய மண் இரண்டு தரம் திரும்பி வந்து மூடியது. வேலை போன சிவகரன் சரவணையிலிருந்து சைக்கிளில் வந்தான். மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் முதல் நாளே உள்ளங்கை பொக்களித்துப்போனது. யாகப்பு அவனுக்குப் பிடி காட்டிக் கொடுத்தார். கார்த்திகை மழைக்கு முன் முதல் வள்ளம் வற்று நேரத்தில் எஞ்சினோடு கரைவரை வந்தது. அது மரியநாயகியின் வள்ளம்.

நிலையத்தின் வருடாந்த அறிக்கையில் சுருவிலுக்கு ஒரு வரி கிடைத்தது: ‘பங்கேற்பாளர் ஐவரும் களத்தில் உயிரிழந்தமையால் இக்கிராமத்தில் தெரிவு பூர்த்தியாகவில்லை.’ அதை எழுதியவர் உண்மையைத்தான் எழுதினார். ஐரோப்பாவில் அதை வாசித்தவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள்.

அடுத்த மாசியில் ஒரு வெள்ளை வாகனம் வந்து கரையில் நின்றது. இளம்பெண் உத்தியோகத்தர் ஒருத்தி ஐரோப்பாக்காரர் சார்பில் பெரிய மலர்வளையத்தோடு இறங்கினாள். நாடாவில் ஐந்து பெயர்கள் எழுதியிருந்தன.

“யாகப்பு எண்டவரின்ரை குடும்பத்தைப் பாக்கவேணும்,” என்றாள்.

“நான்தான் பிள்ளை,” என்றார் யாகப்பு. வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவள் படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நடந்ததை மரியநாயகி சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. மலர்வளையத்தைத் திருப்பி வாகனத்தில் வைக்கப் போனாள்.

“நில்லும்,” என்றாள் மரியநாயகி. நாடாவை அவிழ்த்து அவளிடமே கொடுத்தாள். “இதை நீர் கொண்டுபோம். பூவைத் தாரும்.”

“ஆருக்கு அக்கா?”

“உண்மையாய்ச் செத்த ஆக்கள் இஞ்சை இருக்கினம். அவையளுக்கு ஒருத்தரும் வாகனத்தில பூக் கொண்டுவரேல்லை.”

அவள் மீன்வாடை அடிக்கும் கையோடு வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஊரின் கல்லறைகள் இருந்த சேமக்காலைப் பக்கம் நடந்தாள். உத்தியோகத்தர் பின்னால் போனாள். போரில் இறந்து உடல் கிடைக்காதவர்களுக்காக ஊரார் நட்ட மரச்சிலுவைகள் அங்கே மதிலோரமாக இரண்டு வரிசையில் நின்றன. மரியநாயகி வளையத்தைப் பிரித்து, ஒவ்வொரு சிலுவைக்கும் ஒவ்வொரு பூவாக வைத்துக்கொண்டு போனாள். அறிக்கையில் எழுத வேண்டும் என்று அந்தப் பெண் படிவத்தைத் திருப்பி, பெயர்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். நாலாவது சிலுவையில் பெயரோடு ஒரு சிறுபிள்ளையின் வயதும் எழுதியிருந்தது. அவள் பேனையை மூடிவிட்டு, மரியநாயகியின் கையிலிருந்து பாதிப் பூக்களை வாங்கிக்கொண்டு மற்ற வரிசைக்குப் போனாள்.